எட்டு வருஷக் கணினி: மாற்றத்தான் வேண்டுமா?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வாங்கிய மேசைக் கணினி. கோர் ஐ5-7400 சிப், 8 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணவர் சின்ன அளவில் ஏர்கான் சர்வீஸ் தொழில் செய்கிறார். பில், கணக்கு எல்லாம் அதில்தான். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன் வீட்டுப்பாடத்துக்கும் வீடியோ பார்க்கவும் எடுத்துக்கொள்கிறான். பட்டனை அழுத்திவிட்டு கோப்பி கலக்கிக் குடித்து முடித்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. கடைக்காரரிடம் காட்டினால், "இது பழைய பெட்டி, இதில் காசு போடுவது வீண், 1,600 வெள்ளிக்குப் புதுசு எடுங்கள்" என்கிறார். எந்த மாடல் எடுக்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

மாடல் எது என்பது இரண்டாவது கேள்வி. கடைக்காரர் சொன்னது உண்மையா, அந்த 1,600 வெள்ளி இப்போதே போகத்தான் வேண்டுமா என்பதுதான் உங்கள் மனத்தில் ஓடுகிற முதல் கேள்வி என்று நினைக்கிறேன். நான் சிம் லிம் ஸ்குவேரில் பல வருஷம் ரிப்பேர் மேசையில் இருந்தவன். இப்போது ஒரு நிறுவனத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் அநேகமாக அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதைச் சரிசெய்யப் புதுக் கணினி தேவையில்லை. ஆனால் விண்டோஸ் 10 என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் புதுசு வாங்க வேண்டுமா, எப்போது வாங்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவிட்டார்.

வயதை வைத்துக் கணினியை எடைபோடும் பழக்கம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். தொண்ணூறுகளில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேகம் பல மடங்கானது. 2004-இல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டது. சூடு தாங்கவில்லை. அதற்குப் பிறகு சிப்புகள் கடிகார வேகத்தில் பாய்வதை விட்டுவிட்டு, கோர்களின் எண்ணிக்கையில், அதாவது ஒரே சிப்புக்குள் சேர்ந்து வேலை செய்யும் மூளைகளின் எண்ணிக்கையில், வளர ஆரம்பித்தன. உங்கள் ஐ5-7400 நான்கு கோர், 3.0 கிகாஹெர்ட்ஸ். இன்றைய சிப்புகள் அதைவிட நன்றாகவே வேகம், அதை மறுக்கவில்லை. ஆனால் எக்செல்லில் பில் போடுவது, அரசாங்கச் சேவைகளுக்காக சிங்பாஸில் உள்ளே போவது, பையனின் வீட்டுப்பாடம், யூடியூப் போன்ற வேலைகளுக்கு அந்தக் கூடுதல் வேகம் தேவைப்படுவதே இல்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சரி, ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்று பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன்? ஊகம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் நீங்களே சரிபார்க்கக்கூடிய ஊகம். கணினி மிக மோசமாகத் திணறும் நேரத்தில், அதாவது ஆன் செய்த உடனேயோ நாலைந்து வேலைகளை ஒன்றாகத் திறக்கும்போதோ, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே "மோர் டீட்டெய்ல்ஸ்" என்பதைத் தட்டுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் சதவிகிதத்தோடு தெரியும். கணினி சும்மா இருக்கும்போது பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பிரயோஜனம் இல்லை. திணறும்போதுதான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நூறைத் தொட்டு நிற்பது எதுவோ, மற்றவை எல்லாம் அதற்காகத்தான் காத்திருக்கின்றன.

உங்களுடையதில் டிஸ்க் 100 என்று சிவந்து நிற்கும், சிபியு பத்து இருபதைத் தாண்டாது என்பது என் எதிர்பார்ப்பு. இன்னொன்றும் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவிகிதம் என்று இருக்கும், ஆனால் பக்கத்தில் நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட்தான் போய்க்கொண்டிருக்கும். அதே டிஸ்க் ஒரு பெரிய சினிமாக் கோப்பை நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். ஏன் இந்த வித்தியாசம்? ஹார்ட் டிஸ்க்குக்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுழல்கிறது, நிமிடத்துக்கு 7,200 சுற்று. வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு ஊசி நகர எட்டு ஒன்பது மில்லி செகண்ட், தட்டு அந்த இடத்துக்குச் சுழன்று வர சராசரியாக இன்னொரு நான்கு மில்லி செகண்ட். ஆக, நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் இடம் மாறி மாறிப் படிக்க அதனால் முடியாது. விண்டோஸ் திறக்கும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதிலாக மெமரி சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க். அதில் சுழல்வதும் கிடையாது, நகர்வதும் கிடையாது. மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் எடுத்துவிடும். ஐந்து நிமிடத்தில் திறக்கும் கணினி அரை நிமிடத்துக்குள் திறப்பதற்கு இதுதான் காரணம். வீட்டுக் கணினிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் கொடுத்த காசுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் தருவது என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.

வேகத்தைப் பற்றி மேலே பேசுவதற்கு முன் ஒரு அவசர விஷயம். அது எட்டு வருஷத்துக்கு மேல் சுழன்ற தட்டு. கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது என்கிறீர்கள். வேறு எங்காவது ஒரு நகல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ தொழில் கோப்புகளையும் படங்களையும் பிரதி எடுத்துவிட்டு வந்து படியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். "காஷன்" என்று மஞ்சளில் வந்தால் டிஸ்க் கெட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தில் "குட்" என்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. நல்ல குறிப்போடு ஒரே நாளில் செத்த டிஸ்க்குகளும் மேசைக்கு வந்ததுண்டு. டக் டக் என்று சத்தம் கேட்டால் அதை ஆன் செய்வதைக் குறைத்துக்கொண்டு முதலில் பிரதி எடுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் எது? உங்கள் கணினியில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் இணைக்கும் வகை, கட்டாயம் பொருந்தும். அது நொடிக்கு 550 மெகாபைட் வரை போகும். அந்தக் காலத்து மதர்போர்டுப் பலகைகள் பலவற்றில், எஸ்எஸ்டியை நேரே பலகையிலேயே செருகும் எம்.2 துளையும் இருக்கும். அதில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி போட்டால் காகிதத்தில் ஐந்தாறு மடங்கு வேகம். ஆனால் பில் போடுகிறவருக்கு சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். 500 ஜிபி போதும். பழைய 1 டெராபைட்டைக் கழற்ற வேண்டாம், படங்களும் பழைய கோப்புகளும் அதில் இருக்கட்டும். கடையில், உள்ளே இருப்பதை அப்படியே பிரதி எடுத்துப் போடட்டுமா, புதிதாக விண்டோஸ் ஏற்றட்டுமா என்று கேட்பார்கள். எட்டு வருஷக் குப்பை சேர்ந்திருக்கும் என்பதால் நான் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் கணக்கு மென்பொருளுக்கு லைசென்ஸ் எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைந்துபோயிருந்தால் பிரதி எடுப்பதே பாதுகாப்பு.

விலை சொல்லாமல் போகிறேனே என்று நினைக்கலாம். ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே போகிறது. குருஷியல் என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு ரேம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நான் இன்று சொல்லும் எண் நீங்கள் போகும் சனிக்கிழமை பொருந்தாது. ஆனால் கூலியோடு சேர்த்தாலும் 1,600 வெள்ளியில் அது ஒரு சின்னப் பங்குதான்.

இந்த விலையேற்றத்தால் ரேமைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் "எதற்கும் 16 ஆக்கிவிடுங்கள்" என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் வழக்கமாக என்னவெல்லாம் திறந்திருக்குமோ அத்தனையும் திறந்துவைத்துக்கொண்டு மெமரி பத்தியைப் பாருங்கள். 60, 70 சதவிகிதம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காலியாகக் கிடக்கும் ரேமை விண்டோஸ் வேண்டுமென்றேதான் பயன்படுத்திக்கொள்ளும். 90-ஐத் தாண்டியே நிற்கிறது, அதோடு டிஸ்க்கும் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்றால் ரேம் போதவில்லை, டிஸ்க்கை ரேம் மாதிரிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டி போட்ட பிறகு இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உங்கள் உபயோகத்துக்கு 8 ஜிபி ஓடிவிடும் என்றுதான் தோன்றுகிறது, மகன் குரோமில் முப்பது டேப் திறந்துவைக்கும் ரகமாக இல்லாவிட்டால். கூட்டத்தான் வேண்டும் என்றால் இப்போது இருப்பது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் சிப் இரண்டையும் ஏற்கும் தலைமுறை, பலகைதான் எது என்று முடிவு செய்யும். ஒன்றின் துளையில் மற்றது நுழையாது.

ஒருவேளை நூறைத் தொட்டு நிற்பது சிபியுவாக இருந்தால் கதை வேறு. அப்போது பெயர்ப் பட்டியலில் எது தின்கிறது என்று பாருங்கள். இலவச சோதனை முடிந்தும் உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸ், சரியாக முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அப்டேட், பையன் போட்டுவைத்த ஏதோ ஒரு பிரவுசர் நீட்சி, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டு நேரத்தைத் தின்னும். ஸ்டார்ட்அப் பகுதியில் உங்களுக்குத் தேவையில்லாதவற்றை நிறுத்திவிடுங்கள். இதற்கெல்லாம் ஒரு காசு ஆகாது.

சூடும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் சிப் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில், ஏர்கான் இல்லாத ஹாலில், மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி வைத்த பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? நம் வீடுகளுக்கென்றே இன்னொன்று உண்டு. சாமி மேடைக்குப் பக்கத்திலோ சமையலறை வாசலிலோ கணினி இருந்தால், சாம்பிராணிப் புகையும் தாளிக்கிற எண்ணெயும் தூசியோடு கலந்து ஃபேன் இறக்கையில் பிசுக்காகப் படிந்துவிடும். ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். இதனால் எவ்வளவு வேகம் திரும்பும் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். சிலதில் நிறைய, பலதில் சத்தம் மட்டும் குறையும்.

நான்கு பத்தியும் சாதுவாக இருக்கிறது, ஆனால் இணையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் குற்றம் கணினியின் மேல் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளில் வீட்டுக்குள்ளேயே காப்பறை இருக்கும், நாம் பாம் ஷெல்டர் என்கிறோமே, அது. தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் வைஃபையைத் தின்றுவிடும். ஸ்டோர் ரூமாக அதைப் பாவிக்கும் வீடுகளில் ரவுட்டரையும் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். கணினியை ஒரு நாள் ரவுட்டர் பக்கத்தில் வைத்து, லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் ரவுட்டரை இடம் மாற்றுங்கள். இணைய நிறுவனத்தார் தொலைபேசியில் கூப்பிட்டு 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். உங்கள் கணினியின் லேன் துளை பெரும்பாலும் 1 ஜிபிபிஎஸ்தான், அதற்கு மேல் வந்தாலும் உள்ளே போகாது.

இனி விண்டோஸ் 10. இங்கேதான் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கணினி நின்றுவிடாது, மெதுவாகவும் ஆகாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த கோடு, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர. சிப் எண்ணில் நடுவில் இருக்கும் சின்னக் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை, பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கம். உங்களுடையது 7400, ஏழாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017-இன் பிற்பாதியில்தான். ஒரு சில மாதம் தள்ளி வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே உங்களுக்கு இருந்திருக்காது. என்னைக் கேட்டால், நன்றாக ஓடும் ஒரு சிப்பை இப்படி வெட்டிவிட்டது அநியாயம்தான். ஆனால் என் கருத்தால் உங்களுக்கு அப்டேட் வரப்போவதில்லை.

அதற்கு உங்களுக்கு நான்கு வழி இருக்கிறது. முதலாவது, நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று வீட்டுக் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த திட்டம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய் உங்கள் செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை. வேண்டாம் என்றால் 30 அமெரிக்க வெள்ளி. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். இரண்டாவது, தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடுவது. யூடியூபில் ஆயிரம் பேர் காட்டுவார்கள், பெரும்பாலும் ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. விளையாட்டுக் கணினி என்றால் செய்து பாருங்கள் என்பேன். வங்கிக்கும் தொழில் கணக்குக்கும் பயன்படும் கணினியில் செய்ய மாட்டேன். மூன்றாவது, விண்டோஸையே விட்டுவிட்டு அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் ஏற்றுவது. இரண்டும் இலவசம், இரண்டிலும் இந்தச் சிப் உற்சாகமாக ஓடும். பிரவுசர் மட்டுமே போதும் என்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் கணவரின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதா என்பதைப் பொறுத்தது. நான்காவதுதான் புதுசு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. இந்த வாரம் நகல் எடுப்பேன். எஸ்எஸ்டி போடுவேன். நீட்டித்த புதுப்பிப்பில் சேர்வேன். 2026 அக்டோபர் வரை நிம்மதியாக ஓட்டிக்கொண்டு, அதற்குள் கையில் காசு சேரும்போது நிதானமாகத் தேடி வாங்குவேன். "ஒரு வருஷம்கூட ஓடாத கணினிக்கு எஸ்எஸ்டி ஏன்?" என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த எஸ்எஸ்டி கணினியோடு போய்விடாது. ஒரு சின்ன உறையில் போட்டால் வெளி டிஸ்க்காக நகல் எடுக்கப் பயன்படும், புது மேசைக் கணினியிலும் பொருத்தலாம். ஆனால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வரும் மாதங்களில் புதுக் கணினி விலையும் ரேம் விலையோடு சேர்ந்து ஏறக்கூடும். காசு தயாராகக் கையில் இருக்கிறது, எப்படியும் வருஷத்துக்குள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இப்போதே வாங்குவதும் தப்பில்லை. இந்த ஒரு இடத்தில் எனக்கு உறுதியான பதில் கிடையாது, உங்கள் கையிருப்புதான் தீர்மானிக்க வேண்டும்.

இதையெல்லாம் எல்லாருக்கும் பொருத்திவிட வேண்டாம். ரேமைப் பலகையோடு ஒட்டியே செய்த 4 ஜிபி மடிக்கணினியில் கூட்டுவதற்கு வழியே இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டிருந்தால் உடனே பாவிப்பதை நிறுத்துங்கள், சார்ஜும் போட வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது. மதர்போர்டு போன பழைய கணினிக்கு போர்டு தேடி அலைவது வீண். 4கே வீடியோ எடிட் செய்கிறவர், புது கேம் விளையாடுகிறவர் சிபியுவும் கிராஃபிக்ஸும் நூறில் நிற்பதைப் பார்த்தால், அவருக்குப் புதுசு நிஜமாகவே தேவை.

வாங்கும் நாள் வரும்போது சில விஷயம். 1,600 வெள்ளிப் பெட்டி உங்களுக்கு அதிகம். நிறுவனங்கள் மூன்று நான்கு வருஷம் பாவித்துத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகக் கணினிகளைச் சுத்தம் செய்து விற்கிறார்கள்; எட்டாம் தலைமுறைக்கு மேல், முடிந்தால் பத்து பதினொன்று, 16 ஜிபி, எஸ்எஸ்டியோடு கிடைத்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். "ஏஐ பிசி" என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ முத்திரைக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிப் பகுதி சிப்பில் வேண்டும் என்பது நிபந்தனை. பில் போடுவதற்கு அதில் ஒரு கணக்குகூடத் தேவைப்படாது. சொன்ன விலையில் 9 சதவிகித பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, ரசீதில் சிப் எண், ரேம், டிஸ்க் அளவு எழுதி வாங்குங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால், அது விற்கும்போதே இருந்த கோளாறு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. 2012-இல் வந்த லெமன் சட்டம் இது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும், வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு. கரோசெல் இணையச் சந்தையில் ஒரு தனியாளிடம் வாங்கினால் பொருந்தாது.

மகனுக்காகவும் சேர்த்து யோசிக்கிறீர்கள் என்றால், பள்ளியில் அவனுக்குக் கற்றல் சாதனம் ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். 2021-இலிருந்து எல்லா உயர்நிலை மாணவர்களுக்கும் அது உண்டு, மாணவர்களுக்கான எடுசேவ் கல்விக் கணக்கில் உள்ள காசிலும் வாங்கலாம். அவன் வீட்டுப்பாடம் அதிலேயே முடியுமானால் வீட்டுக் கணினி கணவரின் தொழிலுக்கு மட்டும் என்று கணக்குப் போடுங்கள், தேவை பாதியாகிவிடும். பழையதைக் கடைசியில் கழிக்கும்போது குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். புதுசைக் கொண்டுவந்து கொடுக்கும் கடை அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. மின்கழிவுத் தொட்டிகளும் பல இடங்களில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் அதில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: கணினி மெதுவாக இருக்கிறது என்று தேடும்போது "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி எண் கொடுக்காது. சந்தேகமாக இருந்தால் 1799-க்கு அழைத்து ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவிச் சேவையில் கேளுங்கள்.

இன்று இரவு ஆன் செய்யும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த நான்கு எண்களையும், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும் நிறத்தையும், கணக்கு மென்பொருளின் பெயரையும் இங்கே எழுதுங்கள். டிஸ்க் நூறில் இல்லை என்று வந்தால் மேலே சொன்ன பாதியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். மதர்போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணும் கிடைத்தால் எம்.2 துளை உண்டா, ரேம் எந்த வகை என்று பார்த்துச் சொல்லிவிடுவேன்.